பாதிக் கிணறு தாண்டலாமா?

(மூன்றாம் ஆண்டு மாணவர், கணிப்பொறிப் பொறியியல் துறை)

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது கவிதை. தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். ஆனால் மூன்று ஆண்டுகள் ஓடி முடிந்து, பெட்டி கட்டும் நேரத்தில், மனதில் பாரமாகக் கிடக்கும் ஒரு விஷயத்தை இறக்கி வைத்துவிட்டுப் போவதே நல்லது என்று தோன்றுகிறது. இது நான் எழுதிய ஒரு புரோகிராமைப் பற்றிய கட்டுரை. அதைவிட அதிகமாக, அந்தப் புரோகிராமை நம்பி நான் வாய் திறந்து சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

மெஸ் கணக்கு

இரண்டாம் ஆண்டில், விடுதி மெஸ்ஸின் "எக்ஸ்ட்ரா" கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. தானாக வரவில்லை, நானேதான் கையைத் தூக்கினேன்! எக்ஸ்ட்ரா என்றால் விடுதி மாணவர்களுக்குத் தெரியும். அவித்த முட்டை 10 ரூபாய், ஆம்லெட் 20 ரூபாய். மாணவன் முன்பணம் கட்டியிருப்பான். சாப்பிடச் சாப்பிட அதிலிருந்து கழியும்.

இரண்டு கணிப்பொறிகள். ஒன்று விடுதி அலுவலகத்தில். மாணவர்களின் இருப்பு அதில் இருக்கும். மற்றொன்று மெஸ் கவுண்டரில். அன்றைய விற்பனைத் தொகை அதில் ஏறும். கவுண்டரில் வரிசை எண்ணைத் தட்டினால், "இவன் கணக்கில் 10 ரூபாய் கழி" என்று அலுவலகக் கணிப்பொறிக்குச் செய்தி போகும். அது கழித்துவிட்டு "சரி" என்று பதில் அனுப்பும். பதில் வந்ததும் கவுண்டர் தன் தொகையில் 10 ரூபாய் கூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் எழுதி முடித்தேன். லேபில் நூறு முறை ஓட்டிப் பார்த்தேன். நூறு முறையும் ஓடியது. காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

கவுண்டரில் இருந்தவர் ஒரு அண்ணன். நமக்கெல்லாம் அப்பா வயது, ஆனால் எல்லோருக்கும் அண்ணன்தான். கணிப்பொறி வந்த பிறகும் அவர் தன் பழைய சிட்டை நோட்டை விடவில்லை. முட்டையை எடுக்கும் முன்பு வரிசை எண்ணையும் பண்டத்தையும் எழுதுவார். தட்டில் வைத்த பிறகு ஒரு டிக் போடுவார்.

"எதுக்குண்ணே ரெண்டு வேலை? அதான் கம்ப்யூட்டர் இருக்கே" என்று நான் சிரித்தேன்.

"பழக்கம் தம்பி. அதுபாட்டுக்கு அது இருக்கட்டும்" என்றார்.

சில நாட்களில் திரை அப்படியே நின்றுவிடும். கவுண்டருக்கு வந்த நெட்வொர்க் கேபிள் கொஞ்சம் தளர்வு, அங்கே யூ.பி.எஸ்ஸும் கிடையாது. அண்ணன் கேட்டபோது, "நின்னா விட்டுடுங்கண்ணே, மறுபடி ஆன் பண்ணுங்க, கணக்கு தானா ஏறிடும்" என்றேன். எப்படி ஏறும் என்று நான் யோசிக்கவே இல்லை.

மாதக் கடைசி. ஸ்டோரில் இருந்து போன முட்டை அட்டைகளுக்கும் கவுண்டரில் ஏறிய தொகைக்கும் இடையில் 1,180 ரூபாய் இடித்தது. என்னைக் கூப்பிட்டு, "உன் புரோகிராம்ல ஏதாவது கோளாறு இருக்குமாப்பா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"சார், புரோகிராம்ல தப்பு வராது."

இதுதான் அந்த வாக்கியம். கம்ப்யூட்டரில் தப்பில்லை என்றால் தப்பு எங்கே இருக்கிறது? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். தொகையை அவர் சம்பளத்தில் பிடிப்பது என்று முடிவானது. அவர் ஒன்றும் பேசவில்லை. சிட்டை நோட்டை மட்டும் எடுத்து என் கையில் கொடுத்தார். "நேரம் கிடைச்சா பாரு தம்பி" என்றார்.

சிட்டை சொன்ன உண்மை

அன்றிரவு தூக்கம் வரவில்லை. நோட்டை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். மாணவர்கள் கட்டிய முன்பணத்துக்கு ரசீதுகள் இருந்தன. அதிலிருந்து இப்போதைய இருப்பைக் கழித்தால் மொத்தம் எவ்வளவு செலவானது என்று தெரியும். அந்தத் தொகையும் அண்ணனின் சிட்டைத் தொகையும் ஒன்றாக வந்தன. ஒரு ரூபாய் கூட வித்தியாசமில்லை! கவுண்டர் கணிப்பொறியில் மட்டும் 1,180 ரூபாய் குறைவு.

நடந்தது இதுதான். அலுவலகக் கணிப்பொறி கழித்துவிட்டது. "சரி" என்ற பதில் வழியில் தொலைந்தது, அல்லது பதில் வரும் நேரத்தில் கவுண்டரில் கரண்ட் போய்விட்டது. மாணவன் கணக்கில் பணம் போனது, கவுண்டரில் ஏறவில்லை. பாதிக் கிணறு தாண்டிய கதை! நானோ ஒவ்வொரு இடத்திலும் இருப்பை மட்டும் எழுதி வைத்தேன், நடப்பை எழுதவில்லை. பேரேடு வைத்தேன், சிட்டை வைக்கவில்லை. அதனால் எது பாதியில் நின்றது என்பதற்குக் கணிப்பொறியில் தடயமே இல்லை.

மறுநாள் காலையிலேயே போய் உண்மையைச் சொன்னேன். சம்பளப் பிடித்தம் நின்றது. உடனே வீரமாக ஒரு திருத்தமும் செய்தேன்: மூன்று விநாடியில் பதில் வராவிட்டால் கவுண்டர் மறுபடியும் செய்தி அனுப்ப வேண்டும்!

அடுத்த வாரம் என் அறைத் தோழன் வந்து நின்றான். "டேய், ஒரு ஆம்லெட்டுக்கு 40 ரூபா போயிருக்கு. கோழியே வாங்கியிருக்கலாம்டா." பதில் தொலைந்தபோது வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது, மறுபடி அனுப்பியதில் மறுபடி கழிந்தது. முதல் மாதம் அண்ணனுக்கு நஷ்டம். இரண்டாம் மாதம் மாணவனுக்கு நஷ்டம். கிணற்றுக்கு இந்தப் பக்கமும் விழுந்தேன், அந்தப் பக்கமும் விழுந்தேன்.

துறைத் தலைவர் சாரிடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரே மெஷின்ல ஓடுற புரோகிராம் செத்தா முழுசா சாகும். ரெண்டு மெஷின்ல ஓடுறது பாதி சாகும், பாதி உசுரோட இருக்கும். உசுரோட இருக்கிற பாதிக்கு, மத்தது செத்துச்சா, லேட்டாகுதான்னு தெரியாது. அதுதான்டா கஷ்டமே. நீ மட்டும் மாட்டிக்கல, பெரிய பெரிய ஆளுங்க மாட்டியிருக்காங்க. ஆர்கஸைப் படி."

நூறு கண் காவலன்

ஆர்கஸ் என்பவன் கிரேக்கப் புராணத்தில் நூறு கண்கள் உடைய காவலன். அந்தப் பெயரில் ஒரு கணிப்பொறி மொழியை 1980-களில் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் உள்ள எம்.ஐ.டி.யில், பார்பரா லிஸ்கோவ் என்ற அம்மையாரின் குழு உருவாக்கியது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் மெக்கார்த்தியிடம் ஆய்வு செய்து 1968-இல் டாக்டர் பட்டம் பெற்றவர் இவர். 1970-களில் சி.எல்.யூ. என்ற மொழியைச் செய்தார். ஆர்கஸ் அந்த மொழியின் மேல் கட்டப்பட்டது. 2008-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இவருக்குக் கிடைத்தது.

ஆர்கஸை எப்படிக் கட்டினோம் என்பதை லிஸ்கோவ், டோரத்தி கர்ட்டிஸ், பால் ஜான்சன், ராபர்ட் ஷைஃப்ளர் ஆகிய நால்வர் 1987-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். சார் கொடுத்தது அந்தக் கட்டுரையைத்தான். முதல் முறை படித்தபோது ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் முறை படித்தபோது, ஏதோ நம்ம மெஸ்ஸைப் பற்றி எழுதியது போல் இருந்தது!

அந்த மொழியில் இரண்டு முக்கியமான பொருள்கள். முதலாவது "காவலர்". ஒரு கணிப்பொறியில் உட்கார்ந்து சில விவரங்களைக் காக்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியார் யாரும் அவர் பெட்டியில் நேராகக் கை வைக்க முடியாது. அவர் திறந்து வைத்திருக்கும் ஜன்னல்கள் வழியாகத்தான் கேட்க வேண்டும். அவரிடம் உள்ள விவரங்கள் இரண்டு வகை. கணிப்பொறி விழுந்தாலும் பிழைக்க வேண்டியவை ஒரு வகை; போனால் போகட்டும், மறுபடி கணக்கிட்டுக்கொள்ளலாம் என்பவை இன்னொரு வகை. எது எந்த வகை என்று புரோகிராம் எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். பிழைக்க வேண்டியவற்றைச் சிஸ்டமே டிஸ்கில் ஒரு சிட்டையாக எழுதிக்கொண்டு வரும். விழுந்து எழுந்ததும் அந்தச் சிட்டையைப் படித்துப் பேரேட்டை மறுபடி உருவாக்கிக்கொள்ளும். அண்ணன் நோட்டில் எழுதியது நினைவுக்கு வருகிறதா?

இரண்டாவது "செயல்". ஒரு செயல் என்றால் முழுதும் நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது. நடுவில் எதுவும் கிடையாது. "இங்கே கழி, அங்கே கூட்டு" என்ற இரண்டையும் ஒரே செயலுக்குள் எழுதிவிட்டால், இரண்டும் நடந்தாக வேண்டும். முடியாவிட்டால் இரண்டும் நடக்காததற்குச் சமம். செயல் நடக்கும்போது உண்மையான விவரத்தில் கை வைப்பதில்லை. பூட்டுப் போட்டு, நகல் எடுத்து, நகலில்தான் மாற்றம். செயல் நிறைவேறினால் நகல் உண்மையாகும். கைவிடப்பட்டால் நகல் குப்பைக்குப் போகும்.

செயலுக்குள் உட்செயலும் உண்டு. ஒரு காவலர் இன்னொரு காவலரின் ஜன்னலைத் தட்டுவதே ஒரு உட்செயல். பதில் வராவிட்டால் சிஸ்டம் அந்த உட்செயலை மட்டும் கைவிடும். கைவிட்டால் அது நடக்காததற்குச் சமம். ஆகவே தைரியமாக மறுபடி தட்டலாம். இரண்டு முறை கழியாது. என் அறைத் தோழனின் 40 ரூபாய்க்கு மருந்து 1980-களிலேயே இருந்திருக்கிறது!

கல்யாணத் தேதியும் கணிப்பொறியும்

சரி, பல கணிப்பொறிகளில் பரவிக் கிடக்கும் ஒரு செயலை எல்லோரும் ஒன்றாக நிறைவேற்றுவது எப்படி? ஆர்கஸ் பயன்படுத்தியது இருகட்ட உறுதி என்ற முறை. டேட்டாபேஸ் துறையில் ஜிம் கிரே போன்றவர்கள் 1970-களிலேயே எழுதி வைத்தது.

நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். மண்டபம், சமையல்காரர், நாதஸ்வரக்காரர். முதல் கட்டத்தில் மாமா மூவரிடமும் கேட்கிறார்: "இந்தத் தேதி உங்களுக்குத் தோதா? தோதென்றால் வேறு யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வையுங்கள்." ஒவ்வொருவரும் தன் நோட்டில் எழுதிக்கொண்டு "சரி" என்கிறார்கள். மூவரும் சரி என்றால், மாமா தன் டைரியில் "முடிவு" என்று எழுதுகிறார். இரண்டாம் கட்டத்தில் எல்லோருக்கும் "உறுதி" என்று சொல்கிறார். ஒருவர் முடியாது என்றாலும் எல்லோருக்கும் "வேண்டாம்". மாமா டைரியில் எழுதும் அந்த ஒரு கணம்தான் கல்யாணம் நிச்சயமான கணம்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. மூவரும் சரி சொன்ன பிறகு மாமாவைக் காணோம் என்றால்? மண்டபக்காரர் தேதியை விடவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. மாமா திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு தொல்லை, கட்டுரையில் நான் ரசித்துப் படித்தது: அனாதைகள்! ஒரு செயல் கைவிடப்பட்டது, அல்லது அதைத் தொடங்கிய கணிப்பொறியே விழுந்துவிட்டது. ஆனால் அது அனுப்பிய வேலை வேறொரு கணிப்பொறியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாருக்காக ஓடுகிறோம் என்று தெரியாமல் ஓடும் வேலை. அதன் விளைவு நிலைக்கப் போவதில்லை; ஆனாலும் பூட்டுகளைப் பிடித்துக்கொண்டு இடைஞ்சல் செய்யும். இதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு காவலரும் தான் எத்தனை முறை விழுந்து எழுந்தேன் என்ற எண்ணிக்கையை வைத்திருக்கும். அந்த எண்ணிக்கைகள் செய்திகளோடு சேர்ந்து பயணம் செய்யும். என்னை அனுப்பியவர் நடுவில் ஒருமுறை விழுந்திருக்கிறார் என்று தெரிந்தால், அந்த வேலை அழிக்கப்படும்.

இவ்வளவையும் அவர்கள் மைக்ரோவாக்ஸ்-2 என்ற கணிப்பொறிகளில், ஈதர்நெட் கேபிளில், அல்ட்ரிக்ஸ் என்ற யுனிக்ஸின் மேல் ஓட்டினார்கள். இன்று நம் சட்டைப் பையில் உள்ள செல்போன் அவற்றைவிடப் பல மடங்கு வேகம்.

இன்னொரு செய்தி. பல கணிப்பொறிகளில் ஓடும் ஆர்கஸ் புரோகிராம்களில் பிழை தேட, ஷைஃப்ளருக்குத் திரையில் பல ஜன்னல்கள் தேவைப்பட்டன. ஸ்டான்ஃபோர்டில் இருந்து வந்த "டபிள்யூ" என்ற அமைப்பை எடுத்து 1984-இல் மாற்றி எழுதினார். ஆங்கில அகரவரிசையில் அடுத்த எழுத்து எக்ஸ். பெயரும் அதுவே ஆனது. அதுதான் பின்னாளில் யுனிக்ஸ், லினக்ஸ் திரைகளை ஆண்ட எக்ஸ் விண்டோ! கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே கிணறு வெட்டும்போது ஆறே கிளம்பியிருக்கிறது.

ஏன் ஒரு மொழி?

"சார், இதையெல்லாம் நாலு ஃபங்ஷனா எழுதி வச்சுக்கிட்டா போதாதா? எதுக்கு புதுசா ஒரு மொழி?" என்று கேட்டேன்.

"ஃபங்ஷன் இருந்தா மட்டும் நீ கூப்பிட்டிருப்பியா? பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுதுறப்ப மறந்திருப்ப. மனுஷன் மறக்கிறதை மொழி ஞாபகம் வச்சுக்கணும்."

எனக்கு உறைத்தது. ஆர்கஸில் எழுதுபவர் "இது ஒரு செயல்" என்று மட்டும் குறித்தால் போதும். பூட்டு, நகல், சிட்டை, இருகட்ட உறுதி, அனாதை வேட்டை எல்லாம் கம்பைலரும் சிஸ்டமும் பார்த்துக்கொள்ளும். மொழியைக் கட்டுபவர் ஒருவர் பட்ட கஷ்டம், அதில் எழுதும் ஆயிரம் பேருக்குப் படாத கஷ்டம்.

மூன்றாம் ஆண்டு புராஜெக்டாக நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு குட்டி மொழி செய்தோம். பத்துப் பன்னிரண்டு கட்டளைகள்தான். அதில் ஒன்று "செயல்". லேபில் நான்கு கணிப்பொறிகள். சோதனை என்ன தெரியுமா? ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்குவது! முதல் நாள் பிடுங்கிய இடத்திலெல்லாம் கணக்கு உடைந்தது. சிட்டையில் எழுதிவிட்டோம் என்று நினைத்த வரிகள் டிஸ்கைப் போய்ச் சேராமல் நினைவகத்திலேயே நின்றிருந்தன. "டிஸ்கில் சேர்ந்துவிட்டது" என்று உறுதியான பிறகே "சரி" சொல்ல வேண்டும் என்பதை அங்கேதான் கற்றோம். கடைசி நாள் மாமாவின் பிளக்கையே பிடுங்கினோம். மற்ற மூன்றும் பூட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தன. நான் பதறினேன். சார் சிரித்தார்: "இது உன் தப்பு இல்ல, இந்த முறையோட குணம். அவசரப்பட்டு முடிவெடுக்காம காத்திருக்கு பாரு, அதுதான் சரி." மாமாவுக்குக் கரண்ட் கொடுத்ததும் அது தன் சிட்டையைப் படித்தது, மூன்று பூட்டுகளும் விழுந்தன. கணக்கு சரியாக இருந்தது. அந்த நிமிடம் எங்கள் லேபில் எழுந்த சத்தத்துக்கு, பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள்.

மெஸ் புரோகிராமும் இப்போது மாறிவிட்டது. ஒவ்வொரு விற்பனைக்கும் ஓர் எண். முதலில் சிட்டை, பிறகு பேரேடு. அதே எண் மறுபடி வந்தால் மறுபடி கழிக்காது. எழுந்ததும் பாதியில் நின்றதை முடிக்கும். இது ஆர்கஸ் அல்ல, ஆர்கஸின் வாசற்படி.

ஆர்கஸ் மொழியில் இன்று யாரும் புரோகிராம் எழுதுவதில்லை. ஆனால் அந்தக் குழு 1988-இல் வெளியிட்ட "பிராமிஸ்" என்ற கருத்து, 2015 முதல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. செல்போனில் பணம் அனுப்பி, "போயிடுச்சு, ஆனா அங்க ஏறலையே" என்று நாம் தவித்து, பிறகு பணம் தானாகத் திரும்பி வரும்போதெல்லாம், பாதிக் கிணற்றில் யாரோ நமக்காகப் பலகை போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றுதான் ஆர்கஸாலும் முடியாது. கணக்கைக் கைவிட்டால் பழைய இருப்பு திரும்பும். ஆனால் தட்டில் வைத்துச் சாப்பிட்ட முட்டை திரும்பாது. கணிப்பொறிக்கு வெளியே போனதை எந்தச் சிஸ்டமும் நடக்காததாக்க முடியாது. நான் எல்லோர் முன்னிலையிலும் சொன்ன வாக்கியமும் அப்படித்தான்.

பிடித்தம் நின்ற அன்று அண்ணனிடம் போய், "மன்னிச்சிடுங்கண்ணே, தப்பு என்னுதுதான்" என்றேன். "விடு தம்பி, நோட்டு இருந்துச்சு, தப்பிச்சேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று முதல் அவர் டிக் போடும்போது, எதிரில் நிற்கும் மாணவனிடம் நோட்டைத் திருப்பிக் காட்டி, "பார்த்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போடுகிறார். முன்பு அப்படிச் செய்ததில்லை.

அடுத்த ஆண்டு இந்த லேபில் உட்காரப்போகும் தம்பிகளே, தங்கைகளே! புரோகிராம் எழுதுங்கள். ஓடும்போது சோதிப்பதோடு நிறுத்தாமல், பிளக்கைப் பிடுங்கியும் சோதியுங்கள். "தப்பு வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பார்க்கிறேன் சார்" என்று சொல்லுங்கள். அந்த இரண்டு சொற்களை நான் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.